கடலடியில் பதிந்த முதற்படம்

பறித்தெடுத்த பாசி வேறு. நீரில் நிற்கும் பாசி வேறு. 1843இல் இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் அம்மையார் வெளியிடத் தொடங்கிய நீலநிறப் படங்களில் இருந்தவை, கரைக்குக் கொணரப்பெற்று உலர்த்தப்பட்ட கடற்பாசிகளே. அழகில் குறைவில்லை, ஆனால் அவை எந்தப் பாறையைப் பற்றி நின்றன என்பதைத் தாள் சொல்லவில்லை.

அக்குறை 1856இல் நீங்கத் தொடங்கிற்று. அந்நாட்டின் வேமவுத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்னும் வழக்கறிஞர், புகைப்படக் கருவியைப் பெட்டிக்குள் அடைத்து 18 அடி ஆழத்தில் இறக்கினார். கயிற்றை இழுத்துப் பெட்டியின் கதவைத் திறந்து, 10 நிமிடம் விட்டுவைத்தார். உள்ளே உப்புநீர் புகுந்துவிட்டது! எனினும், தகட்டில் பாறைகளும் பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. மங்கலாயின் என்ன? நின்ற இடத்திலேயே எடுத்த படமன்றோ அது!

தாம்சன் நீரில் இறங்கவில்லை. 1893இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பூத்தான், கருவியோடு தாமே மத்தியதரைக் கடலுள் மூழ்கினார்.