கொள்ளைநோய்க் காலத்தில் கல்விப் பயணம்: சில குறிப்புகள்

கல்வியைத் தேடிச் சீனா வரைக்கும் போகச் சொல்லும் வாசகத்தை நமது மேடைகளில் கேட்காதவர் இல்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் தொடங்கி வெளிநாட்டுப் பட்டப்படிப்பு முகவர்களின் துண்டுப்பிரசுரம் வரை அது வந்துவிட்டது. அதைப் பலவீனமான அறிவிப்பு என்று பைஹகீ எழுதினார். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையிலேயே வைத்தார். இருந்தும் பேச்சாளர்கள் அதை விட்டபாடில்லை. 2020 ஜனவரி கடைசியில் மட்டும் அதைச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

அந்த மாதம் 23ஆம் திகதி வூஹான் நகரம் மூடப்பட்டது. ரயில் இல்லை, விமானம் இல்லை. விடுதி அறைகளில் அகப்பட்டவர்களில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். நம்மவர்கள் மருத்துவம் படிக்கச் சீனா போவதற்கு அந்த வாசகம் காரணமல்ல, இசட் புள்ளிதான் காரணம். உயர்தரத்தில் மூன்று பாடமும் நன்றாகச் செய்தும் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளைக்கு ஐரோப்பா எட்டாது. சீனாவில் ஆங்கில மொழியில் மருத்துவம் படிக்கலாம், செலவும் குறைவு. திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையைத் தாண்டினால் டொக்டர். கொம்பனித்தெருவில் நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களை நான் அறிவேன். அவர்களிற் சிலர் என்னிடம் தமிழ் படித்தவர்களின் பெற்றோர்.

2020 பெப்ரவரி 1ஆம் திகதி ஸ்ரீலங்கன் விமானம் ஒன்று வூஹானிலிருந்து 33 பேரை ஏற்றிக்கொண்டு மத்தளை விமான நிலையத்தில் இறங்கியது. கட்டுநாயக்காவைத் தவிர்த்து மத்தளையைத் தெரிந்ததில் காரணம் இருந்தது. பயணிகள் அற்ற விமான நிலையம் என்று எல்லோரும் கேலி செய்த இடம் அன்று அந்தக் குறையினாலேயே உதவியது. அங்கிருந்து தியத்தலாவை இராணுவ முகாமுக்கு நேரே கொண்டு போய் இரண்டு வாரம் வைத்திருந்து, நோயில்லை என்று கண்ட பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தியாவும் அதே நாட்களில் இரண்டு விமானங்களில் 647 இந்தியரையும் 7 மாலைதீவினரையும் கொண்டு வந்தது. அதற்கு முன்பே, ஜனவரி 30இல், இந்தியாவின் முதல் தொற்றாளராகப் பதிவானவர் வூஹானிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு வந்த ஒரு மருத்துவ மாணவி.

பாகிஸ்தான் வேறு வழி எடுத்தது. வூஹானில் அதன் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும் அழைத்து வருவதில்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஜனாதிபதி ஆரிஃப் அல்வி கொள்ளைநோய் பற்றிய ஹதீஸை எடுத்துக்காட்டினார். நோய் கண்ட ஊருக்குள் போகவும் வேண்டாம், அந்த ஊரிலிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்துள்ள, ஸஹீஹான அந்த அறிவிப்பு நமக்கும் தெரிந்ததே. பெற்றோர் இஸ்லாமாபாத்தில் அதிகாரிகளின் முன் நின்று கத்தினார்கள். பிள்ளைகள் மே மாதத்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஹதீஸ் வந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 18ஐ ஒட்டிய காலம், ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய். கலீபா உமர் (ரழி) அங்கு போகும் வழியில் ஸர்ஃக் என்ற இடத்தில் செய்தி கேட்டு நிற்கிறார். முஹாஜிர்களிடம் கேட்டார், அன்சாரிகளிடம் கேட்டார், ஆளுக்கொரு கருத்து. திரும்புவது என்று முடிவெடுத்ததும், இது அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரழி) கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் உமர் (ரழி) பதில் சொன்னார்கள். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) வந்து தாம் கேட்ட ஹதீஸை அறிவித்தார்கள். முதலில் ஆலோசனை, பிறகு ஆதாரம். நோய் பரவக் கூடாது என்பதே அதன் நோக்கம் என்றால், 14 நாள் தியத்தலாவை மலையில் அடைத்து வைத்தது அந்த நோக்கத்துக்கு மாறானதென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மௌலவி நண்பர் இதை ஒப்பவில்லை. மத்தளையில் இறங்கியதே வெளியேறியதுதானே என்றார். விமானத்துக்குள்ளேயே நோய் பரவியிருந்தால் அவருடைய வாதம் வென்றிருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை.

கல்விக்காக வீட்டை விட்டுப் போய்க் கொள்ளைநோயின் நடுவில் அகப்பட்டவர்களில் நமக்கு நன்கு தெரிந்தவர் இப்னு பதூதா. 1325இல் தஞ்சியரை விட்டுப் புறப்பட்டபோது வயது 21. அடுத்த ஆண்டு திமஷ்க் உமையாப் பள்ளிவாசலில் உட்கார்ந்து புகாரி கேட்டு, ஆசிரியர்களிடம் இஜாஸாக்கள் வாங்கினார். 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாத மலை ஏறி, கொழும்பு வழியாகவும் போனார். இங்கிருந்து போன இடம் மஃபர், அதாவது மதுரை சுல்தானகம். அங்கே கொள்ளைநோய். பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள் என்று எழுதுகிறார். தாமும் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். 1348இல் மீண்டும் ஷாம் தேசம் வந்தபோது அங்கே பெரும் கொள்ளைநோய். திமஷ்க் மக்கள் மூன்று நாள் நோன்பு பிடித்து, முஸ்லிம்களும் யூதரும் கிறிஸ்தவரும் தத்தமது வேதங்களோடு வெறுங்காலில் நடந்து போய் துஆ கேட்டதை அவர் கண்ணால் கண்டார்.

மாணவர்களுக்கு இந்தப் பயணநூலைச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அதிகம் நின்று பேசும் இடம் வேறு. அதே திமஷ்கில் ஊர்க்காரர் ஒருவரை விசாரித்தபோதுதான் வாப்பா மௌத்தாகி 15 வருடம் ஆகிவிட்டதென்று இப்னு பதூதாவுக்குத் தெரிய வருகிறது. உம்மா இருக்கிறார் என்றார்கள். ஊரை நோக்கிப் போகிறார். தாஸா என்ற இடத்தை அடைந்தபோது உம்மாவும் கொள்ளைநோயில் மௌத்தாகிவிட்ட செய்தி கிடைக்கிறது. தஞ்சியருக்குப் போய்க் கப்ரை ஸியாரத் செய்தார். போய்ச் சேர ஒரு கப்ராவது இருந்தது.

நம் நாட்டிலிருந்து ஓதப் போனவர்களுக்கும் நோய்த்தடை புதிதல்ல. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது, அதே ஆண்டில் கொழும்பில் பிளேக் நோயும் வந்தது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் தோட்டத் தொழிலாளர்களை நாட்கணக்கில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, பிறகே கப்பலேற்றினார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிவிட்டு அந்த வழியே திரும்பிய ஆலிம்கள் தங்கள் பயணத்தை எழுதி வைத்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை அதற்கே கொடுத்திருப்பேன்.

இனி 2020க்கு வருவோம். மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடின, பிறகு விமான நிலையம், 20ஆம் திகதி ஊரடங்கு. ஏப்ரல் 21இல் லாகூர், கராச்சி நகரங்களிலிருந்து 113 மாணவர்களைக் கொண்டு வந்தார்கள். அதையடுத்து அமிர்தசரஸ், கோயம்புத்தூர், காத்மண்டு, லண்டன். எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் ஏப்ரல் 11இன் வர்த்தமானி கொவிட்டால் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தது.

அந்த வர்த்தமானி கல்விப் பயணத்தின் பழைய பயத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. எந்தக் காலத்திலும் உம்மாமார் பயந்தது பிள்ளைக்கு அங்கே ஒன்று நடந்தால் யார் குளிப்பாட்டுவது, யார் அடக்குவது என்றுதான். இப்போது இங்கிலாந்தில் இருந்த பிள்ளை கொம்பனித்தெருவில் இருக்கும் உம்மாவை நினைத்துப் பயந்தது. அங்கே முஸ்லிம் மையவாடி திறந்திருந்தது, இங்கே மூடியிருந்தது. வருட இறுதியில் இரண்டாவது அலை கொழும்பைப் பிடித்தபோது நமது பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டது. சந்தின் வாயில் தடை போட்டார்கள். ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் எவரிடமிருந்து எவரைத் தனிமைப்படுத்துவது?

அந்த டிசம்பரில் என்னிடம் படித்த ஒரு பையனின் வாப்பா கொவிட்டில் மௌத்தானார். பையன் வெளிநாட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். வந்தாலும் 14 நாள் தனிமைப்படுத்தல், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரவு வட்ஸ்அப்பில் எடுத்தான். "சேர், ஜனாஸா தொழுகை எத்தனை மணிக்கு வெப்பாங்க? நான் இங்கருந்து நிய்யத் வெக்கோணும்" என்றான். தகனசாலைக்கு எத்தனை மணிக்குக் கொண்டு போவார்கள் என்பதே வீட்டாருக்குத் தெரியாது. பொறுத்து, விடிந்த பிறகு ஃகாயிப் ஜனாஸா தொழச் சொன்னேன். சாம்பலைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. அதே மாதம் இருபது நாள் குழந்தை ஒன்று எரிக்கப்பட்ட பிறகு பொரளை கனத்தை வேலியில் முஸ்லிம்களோடு மற்றவர்களும் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி திருத்தப்பட்டது, மார்ச் 5இல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கொழும்பு மையித்துகளும் நாட்டின் மறுகரைக்கே போயின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

சீனாவில் படித்தவர்களின் கதை அதற்குள் முடியவில்லை. 2020 மார்ச் 28 முதல் சீனா வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது. ஜனவரி விடுமுறைக்கு ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்திருந்த என் பழைய மாணவி ஒருத்தி அந்தப் பெட்டியோடு இரண்டரை வருடம் இருந்தாள். சீனாவில் காலை 8 மணி வகுப்பு என்றால் இங்கே 5.30. சுபஹு தொழுத கையோடு போனைத் திறப்பாள். வார்ட்டுக்குள் நின்று நோயாளியைத் தொட்டுப் படிக்க வேண்டிய பாடத்தை வேகந்தையில் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது அதுவும் நின்றது. "கரண்ட் ஈக்கிற நேரத்துல அங்க வகுப்பு இல்ல, வகுப்பு ஈக்கிற நேரத்துல இங்க கரண்ட் இல்ல சேர்" என்று சிரித்தாள். அவளுடைய உம்மா சிரிக்கவில்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து வெகுவாக ஏறியிருந்தது, கட்டணமோ சீனக் காசில்.

2022 ஓகஸ்ட் 24இல் சீனா மாணவர் விசாவை மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. போகும் முன் ஸலாம் சொல்ல வந்தாள். பெட்டி அதேதான், பூட்டு மட்டும் புதிது. பழைய பூட்டின் சாவி அவளுடைய விடுதி அறையில் கிடக்கிறதாம்.