வசனம் நின்ற இடங்கள்

தமிழ் சினிமா இசை என்றால் பாட்டு என்றுதான் நமக்கு அர்த்தம். திட்டுகிறவர்களும் பாட்டைத்தான் திட்டுகிறார்கள். தமிழ்ப் படத்தில் பாட்டு இருப்பதே அதன் பாமரத்தனத்துக்கு அத்தாட்சி என்று சிறு பத்திரிகைகளில் நம் முன்னோடிகள் எழுதினார்கள், நாமும் எழுதினோம். பாட்டில்லாத படம் வந்தால் பாட்டில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பாராட்டினோம். அந்தப் படங்களிலும் திரைக்குப் பின்னால் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நம் காதில் விழவில்லை. நம் செவிட்டுத்தனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்த வாசிப்பு தனியாகக் கேட்பதற்குக் கிடைக்கவில்லை. விமர்சகன் திரும்பப் படித்துப் பார்க்கப் புத்தகம் வேண்டும். திரும்பக் கேட்டுப் பார்க்கத் தட்டு வேண்டும். பாட்டுக்குத் தட்டு இருந்தது. வாத்தியக் குழுவுக்கு இல்லை.

1932-இல் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு ஒப்பந்தம். தட்டு விற்றவர்தான் பிறகு படம் எடுக்க வந்தார். 1954-இல் அவருடைய ஏவிஎம் தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கொலையுண்டவன் ரேடியோ என்ஜினியர். படத்துக்குப் பின்னணி இசை கொடுத்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா. சற்று யோசித்துப் பாருங்கள்: இசைத்தட்டுக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய குழு, வைணிகர் ஒருவரின் டைரக்ஷன், ரேடியோவையே தொழிலாகக் கொண்ட கதாநாயகன். அப்படியும் அந்த இசையைக் கேட்கவேண்டுமென்றால் இன்றைக்கும் படத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டில்லாத படத்துக்குத் தட்டு எதற்கு என்பது வியாபார நியாயம்.

அந்த நியாயத்துக்கு ஒரு ஸ்தூலமான அளவும் இருந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றிய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். பிறகு 45 சுற்று ஈ.பி. வந்தது, நான்கு பாட்டு அடங்கும். நீண்ட தட்டு வந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. அதற்குள் சினிமாத் தட்டு என்றால் பாட்டுத் தட்டு என்பது கடைக்காரர், வாங்குபவர், இசையமைப்பாளர் மூவர் மனதிலும் உறைந்துபோயிருந்தது. கூடுதல் இடத்தில் இரண்டு படத்துப் பாட்டுகளைச் சேர்த்துப் போட்டார்கள்.

சென்னை ஸ்டூடியோக்களில் பின்னணி இசை சேர்ப்பதற்கு ரீ-ரெக்கார்டிங் என்று பெயர். ஆங்கிலப் படவுலகில் அந்தச் சொல்லுக்கு வசனம், ஓசை, இசை மூன்றையும் ஒன்றாகக் கலப்பது என்று பொருள். முழு வேலையின் பெயரை நம்மவர்கள் அதில் ஒரு பங்குக்கு வைத்துவிட்டார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஓர் உண்மை இருக்கிறது. இசையமைப்பாளர் ரீலைப் பார்த்து எழுதுவார்; பிரதியெடுத்து வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பார்கள்; ஒன்றிரண்டு ஒத்திகை; திரையில் படம் ஓட ஓட வாசித்துப் பதிவு செய்வார்கள். பிறகு மூன்று தடங்களும் கலந்து ஃபிலிமின் ஓரத்தில் ஒரே ஒலிக்கோடு ஆகும். மோரில் விட்ட தண்ணீரைப் பிரித்தெடுக்க முடியாத மாதிரி, அதன்பின் அந்த இசையைத் தனியே எடுக்க முடியாது. மொழிமாற்றம் செய்யவேண்டிய படமென்றால் இசையும் ஓசையும் மட்டும் உள்ள தடம் ஒன்றைத் தயார் செய்வதுண்டு. அது இன்னொரு மொழிக்காரர் அதன்மேல் பேசுவதற்கு. கேட்பதற்கு அல்ல.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். அங்கே முதன்முதலில் தட்டேறிய வாத்தியப் பின்னணி இசைகளில் ஒன்று மிக்லோஷ் ரோஸா 1942-ஆம் வருஷத்து ‘ஜங்கிள் புக்’ படத்துக்கு எழுதியது. அதிலும் இசையைத் தனியே விட அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. மைசூர்ப் பக்கத்துப் பையன் சாபுவை அதன்மேல் கதை சொல்ல வைத்தார்கள். எம்.ஜி.எம். கம்பெனி 1969-ஐ ஒட்டித் தன் நொட்டேஷன் கிடங்கையே காலி செய்து பள்ளம் தூர்க்க அனுப்பியது. பிற்காலத்தில் ஜான் வில்சன் என்ற இங்கிலாந்துக்காரர் பழைய படங்களைக் காதால் கேட்டே ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பகுதியைத் திரும்ப எழுதி, 2009-இல் லண்டன் ப்ராம்ஸ் கச்சேரியில் வாசிக்கவைத்தார். அதற்கு முன்பே, 1972-இல், சார்லஸ் கெர்ஹார்ட் ஆர்.ஸி.ஏ. கம்பெனிக்காக எரிக் கோர்ன்கோல்டின் படயிசையை லண்டனில் புதிதாக வாசிக்கச் செய்து தட்டாக்கியிருந்தார். அந்த வரிசைத் தட்டுகள் வந்தபிறகுதான் படயிசையைப் பற்றி அங்கே சங்கீத விமர்சகர்கள் வாய் திறந்தார்கள். அதற்கு முன்னால் அவர்களும் நம்மைப் போலத்தான்.

இங்கே தற்செயலாக ஒன்று நடந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தது வாலாஜாபாத்தில். எங்களுக்கு அடுத்த தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை இருந்தது. ஆடியில் கூழ் வார்க்கவும், கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர்கள் அங்கிருந்துதான் போகும். இப்போது அந்த இடத்தில் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆளேற்றும் வேன்காரர்களின் ஆபீஸ் இருக்கிறது. கடையைக் காலி செய்தபோது பெரியவர் ஒரு அட்டைப் பெட்டி நிறைய நாடாக்களை என்னிடம் கொடுத்தார். பாதிக்கு மேல் பூஞ்சை. பாட்டு நாடாக்களை நான் தொடவில்லை. அவையெல்லாம் எங்கும் கிடைக்கும். மிச்சம் பத்துப் பன்னிரண்டு, கதை வசன நாடாக்கள். ‘திருவிளையாடல்’ இருந்தது, ‘விதி’ இருந்தது. திருவிழா நாட்களில் தெருவே மனப்பாடம் செய்த சமாசாரம்.

சிறு பையனாகக் கேட்டபோது வசனம்தான் கேட்டது. இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கேட்டபோது, வசனத்துக்கு அடியில் கே.வி. மகாதேவனின் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. படத்தில் கண்ணைப் பறிக்க ஆயிரம் இருக்கின்றன, ஜடாமுடி, கைலாய செட் என்று. நாடாவில் எதுவும் இல்லை. குரல், குரலுக்குக் கீழே வயலின்கள். தமிழ்ப் படத்தின் பின்னணி இசை விலைக்கு விற்கப்பட்டது இந்த நாடாக்களில்தான். விற்றவர்களுக்கு அதை விற்கிறோம் என்று தெரியாது. வாங்கியவர்களுக்கும் தெரியாது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். எந்த இசையை நான் ‘நல்ல பின்னணி இசை’ என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேனோ, அதெல்லாம் வசனம் நின்ற இடங்களில் வருவது. ஆள் வாயை மூடினால்தானே வயலின் கேட்கும்? கைபேசி வந்தபிறகு ரசிகர்கள் படங்களிலிருந்து துண்டுதுண்டாக வெட்டி அழைப்பொலியாக வைத்துக்கொண்டார்கள். ‘பிஜிஎம்’ என்று ஒரு ஜாதியே உண்டாயிற்று. அவர்கள் வெட்டியதும் வசனம் நின்ற இடங்களைத்தான். ஆக, எது சிறந்தது என்ற நம் வரிசை காதின் தீர்ப்பு அல்ல. பாத்திரங்கள் எங்கே பேசாமல் இருந்தார்களோ அந்த விபத்தின் தீர்ப்பு. பேச்சுக்கு அடியில் ஓடுவதை எழுதுவதுதான் கஷ்டம். குரலின் ஸ்தாயியை விட்டு விலகியிருக்கவேண்டும். வாக்கியம் முடியும் இடத்தில் மேலெழுந்து அடுத்த வாக்கியத்துக்குள் ஒடுங்கவேண்டும். இந்தக் கலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி நாம் ஒரு பத்தி எழுதியதில்லை.

வசனமே இல்லாத படம் ஒன்று வந்தது, 1987-இல், சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’. இசை எல். வைத்தியநாதன். மறைக்கக் குரல் கிடையாது. பரீட்சை செய்துபார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? நாமோ கமல்ஹாசன் பேசாததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வைத்தியநாதனை ‘ஏழாவது மனித’னின் பாரதி பாட்டுகளுக்காகத்தான் இன்றும் நினைவு வைத்திருக்கிறோம். மறுபடியும் பாட்டு.

இளையராஜா விஷயத்தில் மட்டும் ஒரு விசித்திரம், தலைகீழாக நடந்தது. 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தட்டு வந்தது. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை, வயலின் வி.எஸ். நரசிம்மன். படத்துக்காகச் செய்தது அல்ல. 1988-இல் பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு அந்தத் தட்டிலிருந்தே இசையை எடுத்துக்கொண்டார். தட்டு முதலில், படம் பின்னால். ஆகவே நம்மிடம் இரண்டும் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். தட்டில் கேட்கும்போது எனக்கு அந்த இசையில் ஒரு தோரணை உறுத்தும்: இதோ பாக், இதோ தியாகராஜர், நான் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கிறேன் பார் என்கிற தோரணை. படத்தில், சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டைச் சுற்றிவரும்போது, அந்தத் தோரணை உதிர்ந்துவிடுகிறது. அதே ஸ்வரங்கள்தாம். வங்கியில் வீட்டுக்கடன் மனுக்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. பூசாத சுவரைத் தடவிப் பார்க்கும் கிழவர்களை இந்தப் பக்கத்துப் புது மனைப்பிரிவுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குக் கண் கலங்குகிறதா, அல்லது இசையாலா என்று பிரித்துச் சொல்ல முயன்றேன். தட்டு கையில் இருந்ததால் முயலவாவது முடிந்தது. அவரே இசையமைத்த ‘உதிரிப்பூக்கள்’ பற்றியோ ‘ஜானி’ பற்றியோ எனக்கு அபிப்பிராயம் உண்டு. அது ஞாபகத்திலிருந்து சொல்லும் அபிப்பிராயம். ஞாபகம் என்பது மோசமான கிராமபோன்.

பிற்பாடு நிலைமை கொஞ்சம் மாறியது. 1995-இல் வெளிவந்த ‘பம்பாய்’ படத்தின் நாடாவில் ரஹ்மான் பாட்டுகளோடு வாத்திய இசை ஒன்றைச் சேர்த்தார். நன்றாக இருந்தது, ஆனால் அது பாடகர் வராத பாட்டு. காட்சிக்கு அடியில் ஓடும் இசை அல்ல. அந்த இசையே தனித் தொகுப்பாக வந்தது 2013-இல், மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்துக்கு. பாட்டில்லாத படம், இளையராஜா இசை. ‘அந்த நா’ளுக்கும் இதற்கும் நடுவில் 59 வருஷம்.

பழையதைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்துவிட்டால் என்ன? காஞ்சிபுரத்து நண்பர் ஒருவர் இந்தக் கட்சி. கெர்ஹார்ட் செய்ததை இங்கேயும் செய்யலாம், புடாபெஸ்ட் போகலாம் என்கிறார். ‘ஹே ராம்’ இசைக்காக 2000-த்தை ஒட்டி இளையராஜா அங்கேதான் போனார். 2005-இல் வந்த ‘திருவாசக’த்துக்கும் அதே ஊர்க் குழுதான். சுத்தமான வாசிப்பு, ஒரு கீறல் கிடையாது. எனக்கு அதுதான் சந்தேகம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சென்னை ஸ்டூடியோக்களில் வாசித்தவர்களில் பலர் காகிதத்தில் மேல்நாட்டு நொட்டேஷனைப் படித்துக்கொண்டே விரலில் நம்மூர்ச் சறுக்கலை வைத்திருந்தவர்கள். இருபது வயலின் ஒன்றாகச் சறுக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் போய்ச் சேரமாட்டார்கள். அந்தக் கலைசல்தான் எனக்கு வேண்டியது. புடாபெஸ்ட்காரர்கள் காகிதத்தில் இருப்பதை வாசிப்பார்கள். காகிதத்தில் அது எழுதியிருக்காது. எழுதியவரே திரும்ப வாசிக்கவைத்தாலும் அதே இசை வருமென்று சொல்வதற்கில்லை. பெர்னார்ட் ஹெர்மன் 1960-இல் ‘சைக்கோ’வுக்கு எழுதியதை 1975-இல் தானே நடத்திப் பதிவு செய்தார். படத்தில் இருப்பதைவிட நிதானமாக நடக்கிறது. கத்தி அவசரப்படவில்லை. கிழவர் தன் இசையைச் சங்கீதமாகக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். அது வேறு படைப்பு.

“நீ கேட்பது இசையில்லை, நாடாவின் இரைச்சல்” என்றார் நண்பர். இருக்கலாம்.

1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாசித்து, ஜான் ஸ்காட் நடத்திய இளையராஜாவின் ஸிம்ஃபனி வெளிவரவில்லை. 2025 மார்ச் 8-ஆம் தேதி அதே லண்டனில் அவருடைய இன்னொரு ஸிம்ஃபனி அரங்கேறியது. தமிழ்நாடே கொண்டாடியது, கொண்டாடட்டும். ஆனால் பத்திரிகைகள் எழுதிய தொனியைப் பார்த்தால், மனிதர் அன்றைக்குத்தான் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுத ஆரம்பித்தார் என்று தோன்றும். 1976-இலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு, ரீல் ரீலாக, அவர் எழுதியது எதற்காம்? மேடையில் ஏறி, தலைப்பும் நான்கு பகுதிகளும் இருந்தால்தான் நமக்கு அது படைப்பு. குடும்பச் சண்டை வசனத்துக்கு அடியில் நாற்பது விநாடி ஓடினால் வெறும் ரீ-ரெக்கார்டிங்.

போன வாரம் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். ‘திருவிளையாடல்’ நாடாவைப் போட்டேன். வசனத்தை விட்டுவிட்டு, கீழே ஓடுவதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நாடா நின்றதும் கண்ணைத் திறந்து, “சிவாஜி என்னமாய்ப் பேசுகிறான்!” என்றார்.