அபிஜித் என்னும் எடைக்கல்

பாலிகஞ்சில் சித்திரைப் புழுக்கத்தில் ராத்திரி மொட்டைமாடி ஏறியவர்களுக்குத் தெரியும்: சூரியன் போய் வெகுநேரம் ஆனபிறகும் தளம் சூடு விடும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத் தெரியும். அதுவும் ஒருவகை ஒளியே. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகக் கண்ணாடி பிரித்துக் காட்டிய சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அதைக் கண்டார். அகச்சிவப்பு என்கிறோம்.

வானத்துப் பொருள்களும் இந்தச் சூட்டை அனுப்புகின்றன. ஆனால் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி வழியிலேயே விழுங்கிவிடுகிறது. ஆகவே மேலே போய்த்தான் பார்க்கணும். 1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் சேர்ந்து ஐராஸ் செயற்கைக்கோளை அனுப்பின. திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட அதன் டெலஸ்கோப், ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் வானை அளந்தது.

பெரிய கண்டுபிடிப்பு எதிர்பாராமல் வந்தது. எங்களைப் போன்ற வியாபாரிகள் தராசைச் சரிபார்க்க எடைக்கல் வைப்பதுபோல, ஆமன், கில்லெட் என்ற விஞ்ஞானிகள் கருவியைச் சரிபார்க்க வேகா நட்சத்திரத்தை நோக்கினார்கள். அதுதான் நம் அபிஜித். வழக்கிலுள்ள 27 நட்சத்திரங்களில் அது இல்லை. சமண நூலான சூரியப் பிரஜ்ஞப்தி சொல்லும் 28இல் அதுவே முதல். பார்த்தால், எடைக்கல்லே கூடுதல் எடை காட்டியது! கணக்கை மீறிய அந்தச் சூடு, அபிஜித்தைச் சுற்றியிருந்த தூசியிலிருந்து வந்தது. வேறு சூரியன்களைச் சுற்றியும் கோள்களுக்கான சரக்கு இருக்கக்கூடும் என்று உலகம் அப்போது உணர்ந்தது.

இதெல்லாம் வெளிநாட்டார் வேலை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஹைதராபாத்திலிருந்து பலூனில் கட்டி, ஒரு டெலஸ்கோப்பைச் சுமார் 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்பினார்கள். நீராவியில் அநேகமாக எல்லாமே அதற்குக் கீழே நின்றுவிடும். ஐராஸின் ஆடி 60 செ.மீ.கூட இல்லை, நம்மவருடையது 100 செ.மீ. ஐராஸ் 100 மைக்ரான் அலைநீளத்தோடு நின்றது. நம்மவர் சுமார் 150, 210 மைக்ரான் வரை போய், இன்னும் குளிர்ந்த தூசியையும் அதற்குள் நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களையும் படமெடுத்தார்கள். வேலை முடிந்ததும் கருவி பாராசூட்டில் இறங்கும். பழுது பார்த்து மறுபடி ஏற்றுவார்கள். பின்னாளில் ஜப்பானியரும் தங்கள் கருவியை அதில் பொருத்தினார்கள். குறைந்த முதலில் நாணயமான வியாபாரம்!

2021 டிசம்பரில் கிளம்பிய ஜேம்ஸ் வெப், அபிஜித்தின் தூசித் தட்டைத் துல்லியமாகப் பார்த்தது. தட்டு வழவழப்பாக இருக்கிறது, பெரிய கோள்களின் தடயம் காணோம் என்று 2024இல் செய்தி வந்தது. ஏன் அப்படி? கணக்கு இன்னும் தீரலை.

ஐப்பசியில் பொழுது சாய்ந்ததும் வடமேற்கே பாருங்கள், அபிஜித் பளிச்சென்று நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஹைதராபாத் பலூனையும் சொல்லுங்கள்.