அப்பா பெயர் என்ற கட்டம்

இங்கே நியூஜெர்சியில் எங்கள் நண்பர் தம்பதி ஒரு குழந்தையைத் தத்தெடுக்க அலைந்துகொண்டிருக்கிறார்கள். வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "பெற்ற அம்மா சம்மதித்துவிட்டாள், சரி. அவளைக் கல்யாணம் செய்துகொள்ளாத அந்த அப்பா என்ன சொல்கிறார்?" ஊரிலிருந்து வந்திருக்கும் நண்பரின் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "விட்டுட்டுப் போனவனை எதுக்குப்பா கேக்கணும்?" என்றார். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

நான் வளர்ந்தது மைசூரில். பக்கத்தில் நஞ்சன்கூடு. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-ல் பிறந்த ஊர். ஆமாம், திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய அதே அம்மாள்தான். தாயார் புட்டலட்சுமி தேவதாசி. தகப்பனார் சுப்பா ராவ் என்ற வக்கீல், கைவிட்டுப் போய்விட்டார். மைசூரில் மகளுக்கு சமஸ்கிருதமும் சங்கீதமும் கிடைக்கச் செய்தது தாயார்தான்.

அந்த வீடுகளில் சொத்தும் வம்சமும் தாய்வழி. பெண்களே பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அந்தத் தத்து செல்லாது என்று 1880-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. மெட்ராஸ் உயர் நீதிமன்றமோ சில வழக்குகளில் அந்த வழக்கத்தை ஏற்றது. எப்படியானாலும், தகப்பனைக் கேட்கவேண்டும் என்ற பேச்சே அங்கே இல்லை.

கல்யாணம் ஆன வீட்டில் நேர் எதிர். பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் அதிகாரம் தகப்பனுக்கு. 1956-ல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் மனைவியின் சம்மதம் வேண்டும் என்றதே தவிர, கொடுக்கும் உரிமையை அவனிடமே விட்டது. தாய்க்குச் சம உரிமை வர 2010 ஆனது! அதே 1956-ல் வந்த காப்பாளர் சட்டத்தில், கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு முதலில் தாய், அவளுக்குப் பிறகுதான் தகப்பன். தாலி கட்டியவனுக்கு எல்லாம், கட்டாதவனுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2017-ன் தத்தெடுப்பு விதிமுறைகளும் அப்படிப்பட்ட குழந்தையைத் தாய் மட்டுமே ஒப்படைக்கலாம் என்றன.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. இல்லினாய்ஸில் ஸ்டான்லி என்பவர் கல்யாணம் செய்யாமலே ஒரு பெண்ணோடு விட்டு விட்டு 18 வருஷம் வாழ்ந்தார். மூன்று பிள்ளைகள். அவள் இறந்ததும் அரசு பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவரை விசாரிக்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1983-ல் நியூயார்க்கின் லேர் வழக்கில் அதே நீதிமன்றம், பெற்றால் மட்டும் போதாது, குழந்தையோடு உறவை வளர்த்திருக்கவேண்டும் என்றது. தகப்பன்களுக்கான அரசுப் பதிவேட்டில் அவர் பெயர் கொடுக்கவில்லை; தத்து நிலைத்தது.

சுப்பா ராவின் சம்மதம் வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் புட்டலட்சுமி என்ன செய்திருப்பார்? நண்பரின் அம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் எல்லா ஆணும் சுப்பா ராவ் இல்லை, ஸ்டான்லிகளும் உண்டு. இதற்கு நடுவில் குழந்தை என்று ஒன்று இருக்கிறது. என்றாவது ஒருநாள் "எங்கப்பா யாரு?" என்று அது கேட்கும்.

2015 ஜூலையில் டெல்லியில் வந்த வழக்கு இதைத் தொட்டது. கல்யாணம் ஆகாத ஒரு கிறிஸ்தவத் தாய், தன் மகனுக்குத் தானே காப்பாளராகக் கேட்டார். தகப்பன் பெயரைச் சொல்ல மறுத்தார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கைவிரித்தன. அவர் பெயரைச் சொல்லவேண்டாம், அவருக்கு நோட்டீஸும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது.

அதோடு விடவில்லை. பெற்றவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று சொல்லி, நீதிபதிகள் தாயிடமிருந்து விவரத்தை வாங்கி ஒரு உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் திறக்கலாம்.

தகப்பனுக்குக் கொடுக்காத உரிமையைக் குழந்தைக்காக எடுத்து வைத்தார்கள். நண்பரின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உறை பத்திரமா இருக்கட்டும். குழந்தை கேட்டா குடுக்கணும்" என்றார்.