திருவள்ளூரில் ஒரு செரங்கெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் நண்பர் போன வருடம் குடும்பத்தோடு தான்சானியா போய் வந்தார். செரங்கெட்டி தேசியப் பூங்கா! 14,763 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் நம் திருவள்ளூர் மாவட்டத்தை நாலு முறைக்கு மேல் உள்ளே வைக்கலாம். லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினார். ஜீப்பை உரசிக்கொண்டு போகும் சிங்கம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளி. அதில் மாட்டுத் தலையோடு மந்தை மந்தையாக ஓடும் 'வில்டபீஸ்ட்' என்கிற மான்கள்... பத்து லட்சத்துக்கும் மேலாம்!

கடைசிப் படத்தில் மிருகம் எதுவும் இல்லை. ஒரு கல்.

''இது என்ன சார்?''

''வழியில ஓல்டுவாய்னு ஒரு பள்ளத்தாக்கு. அங்க மியூசியத்துல இருந்துச்சு. ஆதிமனுஷனோட கோடாலியாம்!''

''இதே கோடாலி உங்க மாவட்டத்துலயே இருக்கே!''

நண்பர் சிரித்தார். நான் ஜோக்கடிப்பதாக நினைத்துவிட்டார். இல்லை, நிஜம்.

1863, மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது இளைஞர், பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியருகே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். தானாக உடைந்த கல் இல்லை, யாரோ செதுக்கிய கல்! இந்தியாவில் ஆதிகால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முக்கிய ஆதாரம் அதுதான். அதே வருடம் செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம் போனார்கள். அங்கே ஓடைக்கரையில் அந்த மாதிரிக் கற்கள் ஏராளம்!

சரி, அவற்றுக்கு என்ன வயது? விடை கிடைக்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1999-லிருந்து தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழாய்வு செய்தது. வயதைக் கண்டுபிடித்த விதம் சுவாரஸ்யமானது. தரைமேல் கிடக்கும் கல்லை விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தாக்கும்போது, அதற்குள் பெரிலியம், அலுமினியத்தின் அபூர்வ வகைகள் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் இந்த வரவு நின்றுபோகும். இருப்பு மட்டும் கரையும், அலுமினியம் வேகமாக, பெரிலியம் மெதுவாக. மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். பி.காம். படித்த எனக்கே புரிந்த கணக்கு!

2011-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. சுமார் 15 லட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவில் கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு சுமார் 17.6 லட்சம். அங்கே தொடங்கியதாகக் கருதப்படும் அந்தத் தொழில்நுட்பம், இவ்வளவு சீக்கிரம் நம்மூர் வந்து சேர்ந்திருக்கிறது! செதுக்கியவர்களின் எலும்பு இங்கே அகப்படவில்லை. ஆனால், மிருகங்களின் பற்கள் கிடைத்தன. எருமை இனம் ஒன்று, குதிரை இனம் ஒன்று, நீல்காய் போன்ற மான் ஒன்று. இவையெல்லாம் ஈரமும் திறந்தவெளியும் இருக்கிற இடத்தில் மேய்பவை.

கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள். வல்லூர் அனல்மின் நிலையத்தின் பக்கமாகப் போய் எண்ணூரில் கடலில் கலக்கிற ஆறு இருக்கிறதே, அதன் மேற்புறத்தில் குதிரையும் மானும் மேய, கையில் கல்லோடு ஒருவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நண்பர் விமானம் ஏறிப் போய்ப் பார்த்தாரே, கிட்டத்தட்ட அதே காட்சி. டிக்கெட் இல்லாமல்!

நண்பருக்கு ஆவல் தாங்கவில்லை. ''ஞாயித்துக்கிழமை போவோம். ஷோகேஸ்ல வைக்க ஒரு கல்லு எடுத்துட்டு வந்துடலாமா?''

அவசரமாக மறுத்தேன். கல்லின் மதிப்பு கல்லில் மட்டும் இல்லை, அது கிடந்த மண் அடுக்கில் இருக்கிறது. எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று தெரிந்தால்தான் வயது சொல்ல முடியும். அடுக்கிலிருந்து பிரித்து எடுத்த கல், வவுச்சர் இல்லாத செலவு மாதிரி. எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார். ஆளுக்கு ஒன்று என்று எடுத்தாலும் சரி, ஜே.சி.பி. வைத்துச் சரளை அள்ளினாலும் சரி, 15 லட்சம் வருடக் கணக்குப் புத்தகத்தில் பக்கங்கள் கிழிகின்றன. மறுபடி எழுத முடியாது.

''செரங்கெட்டியில சிங்கம் தின்னுபோட்ட எலும்பையாவது எடுத்துட்டு வந்தீங்களா சார்?''

''ஐயோ, அங்க எதையும் தொடக்கூடாதுன்னு கைடு ஏறும்போதே சொல்லிட்டானே!''

''அதேதான். இங்க கைடு கிடையாது. நாமதான் சொல்லிக்கணும்.''

ஞாயிறு போனோம். பூண்டியில் தமிழக அரசின் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடரிகள். நண்பர் லேப்டாப் படத்தையும் கண்ணாடிக்குள் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

''அண்ணன் தம்பி மாதிரி இருக்குங்க!'' என்றார்.