தேர்மண்ட்: நீராவி எஞ்சின் வளர்த்த மலையூர்

ஆற்றங்கரைகளில் ஊர்கள் தோன்றுதல் உலகெங்கும் காணப்படும் வழக்காகும். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள தேர்மண்ட் என்னும் சிற்றூரும் ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது. ஆயினும் அவ்வூரை ஆக்கியது ஆறன்று. அப்பலாச்சிய மலைகளை ஊடறுத்துப் பாயும் நியூ ஆறு அவ்விடத்தில் உழுவதற்கு நிலமோ, ஓடஞ் செலுத்துதற்கு அடங்கிய நீரோ தரவில்லை. செங்குத்தான மலைச்சரிவுக்கும் நீருக்குமிடையே ஒடுங்கிய தரைத்துண்டொன்றையே விட்டுவைத்தது. அதன்மேல் இருப்புப்பாதை இடப்பட்டபின் தெருவுக்கு இடமிருக்கவில்லை. கடைகளும் வங்கியும் இருப்புப்பாதையையே தெருவாகக் கொண்டு அதனை நோக்கி வாயில் வைத்துக் கட்டப்பட்டன.

செசப்பீக் - ஒகாயோ புகையிரதக் கம்பனியின் பாதை 1873 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இப்பள்ளத்தாக்கினூடாக நிறைவெய்தியது. அதற்காகப் பாறை பிளந்தோருள் அடிமைத்தளை நீங்கிச் சில ஆண்டுகளே ஆன கறுப்பின மக்கள் மிகப் பலர். கிழக்கே தால்கொற் என்னுமிடத்தருகே அவர்கள் குடைந்த கிரேற் பென்ட் சுரங்கம் ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளமுடையது. துளையிடும் யந்திரத்தோடு போட்டியிட்டு வென்று, அக்கணமே உயிர்நீத்தான் எனப்படும் யோன் ஹென்றியின் கதை பெரும்பாலும் அச்சுரங்கத்தோடு சேர்த்தே கூறப்படும். வரலாற்றாசிரியர் சிலர் வேறிடங்களையுங் குறிப்பர்.

அதே ஆண்டில் டபிள்யூ. டி. தேர்மண்ட் என்பார் நில அளவை வேலைக்குக் கூலியாக 73 ஏக்கர் நிலம் பெற்றார்; ஊருக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள புகையிரத நிலையம் ஓராண்டில் 95,000 பிரயாணிகள் வரை கண்டது. 1921 ஆம் ஆண்டு வரை அவ்வூருக்கு வண்டிப்பாதை கிடையாது. வந்தோரும் போனோரும் புகையிரதத்திலேயே வந்து போயினர். எதிர்க்கரையிலிருந்த டன் கிளென் விடுதியில் ஒரு சீட்டாட்டம் பதினான்கு ஆண்டுகள் ஓயாது நடந்ததென்பர். அதனை நம்புவதும் விடுவதும் கேட்போர் விருப்பம்.

நிலக்கரியே தேர்மண்டை வளர்த்தது என்று கூறுதல் வழக்கம். அது பாதி உண்மையே. கரி வெட்டப்பட்டது சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில். ஊருக்குள் நிலையான தொழில் தந்தது, அக்கரியை இழுத்துவந்த எஞ்சினின் ஓயாத தேவையாகும். நீராவி எஞ்சின் வேண்டியபோது முடுக்கி வேண்டாதபோது நிறுத்திவிடத்தக்க பொறியன்று. குளிர்ந்த கொதிகலனில் நீராவி எழுவதற்குப் பல மணிநேரம் செல்லும். ஆதலின் ஓடாத எஞ்சினுக்கும் இராமுழுதும் தீப்பேணுவோர் வேண்டும். ஓடி வந்த எஞ்சினின் சாம்பலையும் உருகி இறுகிய கரிக்கட்டியையும் குழியில் வாரிக் கொட்டவேண்டும். நீரும் கரியும் ஏற்றவேண்டும். ஏற்றங்களில் சில்லு வழுக்காதிருக்க உலர்ந்த மணலும் நிரப்பவேண்டும். கொதிகலனுள் உப்புப் படியுமாதலால் மாதம் ஒருமுறையேனும் அதனைக் கழுவுதல் விதியாயிருந்தது. கொல்லரும், கொதிகலன் திருத்துவோரும், எண்ணெய் இடுவோரும் அவ்வூரில் குடியிருந்தமைக்குக் காரணம் இதுவே. 1922 இல் எழுந்த 500 தொன் கொள்ளும் கொங்கிறீற்றுக் கரிக்கோபுரமும் இப்பசியின் அளவையே காட்டுகிறது.

தொழிலாளர் வாழ்வு எளிதாயிருக்கவில்லை. பெட்டிகளைக் கையாற் கொளுவுகையில் விரலும் உயிரும் இழந்தோர் நாடெங்கும் பலர். 1893 ஆம் ஆண்டுச் சட்டம் தாமாகவே கொளுவும் கருவியைக் கட்டாயமாக்கியது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்வேலையைப் பதினாறு மணிநேரத்துக்குள் மட்டுப்படுத்தியது. பதினாறு மணிநேரம் ஒரு சலுகையாகத் தோன்றிய காலம் அது! எட்டு மணிநேரம் ஒருநாள் வேலையென ஏற்கப்பட்டது 1916 இலேயே. ஆயினும் சாரதிகளும் கரியிடுவோரும் அமைத்த சங்கங்கள் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கரியிடுவோர் சங்கம் அவர்களுக்கும் நேர்மையாக நடந்துகொள்ளவேண்டும் என்னும் தீர்ப்பை உயர்நீதிமன்றம் 1944 இலேதான் வழங்கியது.

ஊரின் தளர்ச்சிக்கு 1930 இல் டன் கிளென் எரிந்தமையும், மறு ஆண்டு வங்கி மூடப்பட்டமையும், மோட்டார் வண்டியின் வரவும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. அவற்றால் வணிகர் சென்றனர். எஞ்சின் தொழிலாளர் அதன்பின்னும் இருந்தனர். அவர்களை அகற்றியது டீசல் எஞ்சின். கம்பனியார் அதனை விரும்பி வரவேற்றாரல்லர். கரி சுமந்து பொருளீட்டியோர் எண்ணெய்க்கு மாற எங்ஙனம் விரும்புவர்? கரியாலியங்கும் நீராவிச் சுழலி எஞ்சின்கள் மூன்றினை 1947 - 48 இற் செய்வித்து, பயன் காணாமல் 1950 இல் உடைத்தனர். 1949 இலும் போல்ட்வின் தொழிற்சாலையிலிருந்து புதிய நீராவி எஞ்சின்களை வாங்கினர். 1956 இல் அக்கம்பனியின் நீராவிச் சேவை முடிவுற்றது.

டீசல் எஞ்சினுக்குச் சாம்பற்குழி இல்லை, இராத்தீ இல்லை, தேர்மண்டில் நின்று செல்லவேண்டிய தேவையுமில்லை. மலையிலிருந்து கரி தொடர்ந்து இறங்கியது. அதனை அனுப்பிவைத்த கைகளுக்கே வேலையில்லாது போயிற்று.

2020 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கில் அவ்வூரிற் காணப்பட்டோர் ஐவர். 1904 இற் கட்டிய நிலையம் 1995 இற் புதுப்பிக்கப்பட்டு, இப்போது தேசிய பூங்காவினரின் பொறுப்பிலுள்ளது. ஏறுவோரோ இறங்குவோரோ இருந்தால் மட்டும் பிரயாணிகள் வண்டி அங்கு நிற்கும். பாதையோரத்துக் கரிக்கோபுரம் இன்றும் இடிபடாது நிற்கின்றது. சரக்கு வண்டிகள் அதனருகே நில்லாது கடந்து செல்கின்றன.