தாதித் தொழிலும் நெகிரி செம்பிலான் கற்பித்த பாடமும்

நோயாளியின் உடலைத் துடைப்பதும், படுக்கையை விரிப்பதும், மருந்தை நேரத்தில் ஊட்டுவதுமே தாதியின் வேலை என்று நம்மவரிற் பலர் இன்றும் எண்ணுகின்றனர். அதற்கு இரக்கம் இருந்தாற் போதும், கல்வி எதற்கு என்று கேட்போரும் உளர். இஃது எவ்வளவு பெரும் பிழை என்பதையே இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம். தாதித் தொழில் மூன்று தூண்களின்மேல் நிற்பது. கண்டதைக் கண்டவாறே ஏட்டில் எழுதி வைத்தல் ஒன்று. நோயாளியின் மொழியிற் பேசி, அவர் சொல்வதைச் செவிமடுத்தல் மற்றொன்று. சம்பளம் தருபவர் யாராயினும் தன் கடமை நோயாளிக்கே என்று நிற்கும் மனச்சான்று மூன்றாவது. இவற்றின் பெருமையையும், இவை இல்லாவிடத்து விளையும் கேட்டையும் அறிய நாம் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. நம் பாட்டன் பாட்டிமார் பால் மரம் வெட்டிய நெகிரி செம்பிலான் மண்ணிலேயே அதற்குரிய வரலாறு கிடக்கிறது.

சிரம்பானில் ஒரு கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாடுகளைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப் போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கி, நெஞ்சு அடைத்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெருந்தொகையினராய் இந்நோய்க்கு இரையாயினர். கிருமி என்றனர் சிலர். ஈர நிலம் என்றனர் வேறு சிலர். காரணம் இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானின் அரசாங்க மருத்துவராய்ச் சிரம்பானில் இருந்தவர் பிராடன் என்னும் ஆங்கிலேயர். நோயுற்றோரை இனவாரியாகவும் உணவுவாரியாகவும் அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். சீனர் உண்டது கடையில் வாங்கிய, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. அவர்களிடையே நோய் மிகுதி. கிராமத்து மலாய்க்காரர் உண்டது தம் வயலில் விளைந்து, வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. அவர்களிடையே நோய் அரிது. தமிழ்த் தொழிலாளர் உண்டதோ புழுங்கல் அரிசி. அதே நாட்டில், அதே மழையில் வாழ்ந்த அவர்களைப் பெரிபெரி ஏறக்குறைய தீண்டவேயில்லை. இக்கருத்தை 1901-ஆம் ஆண்டளவிலேயே வெளியிட்ட பிராடன், 1907-இல் அதனை விரிவான நூலாக்கினார்.

நெல்லை உமியோடு அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதன் பெரும்பகுதி போவதில்லை. நம் பாட்டிமார் இதனை எந்தப் பள்ளியிலும் கற்றவரல்லர். ஊர் வழக்கமாய் அவித்தனர். அவ்வழக்கமே கப்பலேறி வந்து இங்கே உயிர் காத்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராடன் கூறிய காரணம் தவறானது. பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் நம்பினார். உண்மையில் அங்கே நஞ்சு இல்லை. சத்துக் குறைவே இருந்தது. அச்சத்தை 1926-இல் ஜாவாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். அதனையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம். பிராடனின் விளக்கம் வீழ்ந்தது. அவருடைய கணக்கு வீழவில்லை. ஏட்டில் உள்ளபடி எழுதப்பட்ட உண்மை, எழுதியவர் தவறாகப் புரிந்துகொண்டாலும், பின்வருவோருக்குப் பயன்படும். ஏட்டைப் பொய்யாக எழுதினாலோ, எழுதாமலே விட்டாலோ, எத்தகைய பேரறிஞர் வந்தும் பயனில்லை.

இதனைத் தாதித் தொழிலில் முதலில் நிலைநாட்டியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854-இல் போர்க்கள மருத்துவமனைக்குச் சென்ற அவரை விளக்கேந்திய மங்கை என்று மட்டுமே பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன. விளக்கினும் அவர் பெரிதாய் மதித்தது கணக்கேடு. காயத்தால் இறந்த போர்வீரரினும், சுகாதாரக் கேட்டால் வந்த நோய்களால் இறந்தோரே பலர் என்பதை 1858-இல் எண்களாலும் படங்களாலும் அவர் மெய்ப்பித்தார். 1860-இல் இலண்டனில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையிலும் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. தோட்டத்து மருத்துவமனையிலும் நாடோறும் ஏட்டை எழுதியவர் துரை அல்லர். டிரஸரும் அவருடைய உதவியாளருமே. யாருக்குக் காய்ச்சல், எந்த லயத்தில் வயிற்றுப்போக்கு, எத்தனை குழந்தைகள் இறந்தன என்னும் செய்தியெல்லாம் அவர்கள் கையெழுத்தாலேயே வெளியே தெரிய வேண்டியிருந்தது.

வாய் திறவா நோயாளி

இனி மொழியைப் பார்ப்போம். பெரிபெரிக்குத் தப்பிய நம் மக்கள் மலேரியாவுக்குத் தப்பவில்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடங்களில் கொசு பெருகிற்று. காய்ச்சல் லயம் லயமாய்ப் பரவிற்று. காலைப் பெரட்டிலே தொழிலாளரை வரிசையாக நிறுத்திக் கொயினா மருந்தைக் குடிக்கச் செய்யும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. அது நாவுக்குக் கசப்பு. காதில் இரைச்சலையும் உண்டாக்கும். இது ஏன், எத்தனை நாள், காதிரைச்சல் ஏன் வருகிறது என்பதைத் தொழிலாளிக்கு அவர் மொழியில் எடுத்துச் சொன்னால் அது வைத்தியம். ஒன்றும் சொல்லாமல் வாயில் ஊற்றினால் அது தண்டனையாகவே தோன்றும். தண்டனையாகத் தோன்றும் மருந்தை மனிதன் திரும்பி நின்று துப்பத்தானே செய்வான்?

பெண்களின் நிலை இதனினும் கொடிது. தன் உடம்பின் துன்பத்தை ஆடவரிடம் சொல்ல நாணி, எத்தனை தாய்மார் வாய் திறவாமல் மாண்டனர்! திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் இளம் பெண்ணாய் இருந்தபோது நடந்ததை உலகம் அறியும். ஒரே இரவில் மூன்று ஆடவர் தம் மனைவியரின் பேற்றுத் துன்பத்துக்கு அவரை அழைக்க வந்தனர். தாம் மருத்துவம் கற்கவில்லை, தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாவென்று மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த மூவரின் குலமும் மதமும் ஒன்றல்ல. ஆனால் அவர்களைக் கட்டியிருந்த வழக்கம் ஒன்றே. அவ்விரவே ஐடாவை மருத்துவராக்கிற்று. அவர் நிறுவிய வேலூர் மருத்துவமனையில் 1909-இல் தாதியர் பள்ளியும், 1946-இல் தாதியர் பட்டப் படிப்பும் தோன்றின. நோயாளி அஞ்சாமல், நாணாமல் பேசக்கூடிய ஒருவர் பக்கத்தில் இல்லையெனில், மருத்துவர் இருந்தும் இல்லாதவரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

யாருக்குக் கடமை?

மூன்றாவது தூண் மனச்சான்று. மீண்டும் புழுங்கல் அரிசிக்கே வருவோம். பிராடன் கூறியதைச் சோதிக்க, 1905-ஆம் ஆண்டின் இறுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியிலிருந்தோரை இரு பிரிவாக்கினார். ஒற்றைப்படை எண்ணினருக்கு ஓர் அரிசி. இரட்டைப்படை எண்ணினருக்கு மற்றோர் அரிசி. பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. 1907-இல் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் ஜெலுபுக் காட்டுப் பகுதியில் பாதை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளரைக் கொண்டு இதே சோதனையை இன்னும் செம்மையாக நடத்தினர். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பச்சரிசி உண்டோரிடம் நோய் தலைகாட்டிற்று. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி தந்ததும் நோய் பரவுவது நின்றது. 1910-இல் மணிலாவில் கூடிய கீழ்நாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியையே தொடர்ந்து உண்பதோடு இந்நோய்க்குத் தொடர்புண்டு என்று ஒப்புக்கொண்டது.

இச்சோதனைகளால் ஆசியாவில் எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரு கேள்வி நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. மனநோய் விடுதியில் அடைபட்டவர், எனக்கு அந்த அரிசி வேண்டாம் என்று சொல்லக் கூடியவரா? ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட தொழிலாளி, துரை தரும் உணவை மறுக்கும் உரிமையுடையவரா? 18 பேர் இறந்ததை எண்ணி எழுதிய கை, அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டெழுதும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை. சோதனைக்கு உட்படுபவரின் மனமார்ந்த சம்மதம் இன்றியமையாதது என்று உலகம் எழுதி வைத்தது 1947-இல் நியூரம்பெர்க் தீர்ப்பிலேதான். அனைத்துலகத் தாதியர் மன்றம் தன் ஒழுக்கக் கோவையை ஏற்றது 1953-இல். நோயாளி நம்பிச் சொன்ன அந்தரங்கத்தைக் காப்பேன் என்னும் உறுதிமொழியோ 1893-இலேயே அமெரிக்கத் தாதியரிடையே எழுந்தது.

தோட்டத்து டிரஸருக்கு இந்தக் கேள்வி நாடோறும் வந்தது. அவருக்குச் சம்பளம் தந்தது தோட்டம். இன்னாருக்கு இன்று வேலை செய்யும் உடல்நிலை இல்லை என்று எழுத வேண்டியவரும் அவரே. ஆள் குறைந்தால் துரைக்கு நட்டம். எழுதாவிட்டால் நோயாளியின் உயிருக்குக் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று நேர்மையாய் எழுதியவர்களும் இருந்தனர். வளைந்து கொடுத்தவர்களும் இருந்தனர். தனி மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பியிராமல் சட்டமும் பதிவும் வேண்டும் என்பது இதனாலேயே. மலாயாவில் 1950-இல் தாதியர் சட்டமும், பின்னர் 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமும், 1966-இல் மருத்துவச்சியர் சட்டமும் வந்தன. பதிவு பெற்றவர் தவறினால் கேட்க ஓர் அவை உண்டு. அவர் நேர்மையாய் நின்றால் தாங்கிப் பிடிக்கவும் ஒரு தொழில் உண்டு.

தீட்டு என்ற மடமை

இவ்வளவு உயர்ந்த தொழிலை நம் சமூகம் எப்படி நடத்திற்று? தமிழகத்துச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். குழந்தையை முதலில் கையேந்தியவள் அவளே. ஆனால் அந்தக் கையைத்தான் தீட்டு என்றனர்! தம் பிள்ளையை உலகுக்குக் கொணர்ந்தவளைத் திண்ணையில் ஏற்றாத மேன்மக்கள் வாழ்ந்த நாடு அது. இரத்தத்தையும் மலத்தையும் தொடுவது இழிவு என்ற எண்ணம் கடல் கடந்தும் நம்மோடு வந்தது. மகள் தாதிப் பயிற்சிக்குப் போகிறாள் என்றால் முகம் சுளித்த பெற்றோர் நம்மிடையே இருந்தனர். பிறர் நோயைத் தொட அஞ்சுபவன் தூயவனாம். தொட்டுத் துடைப்பவள் தாழ்ந்தவளாம். இதைவிடத் தலைகீழான அறம் வேறு உண்டோ?

இன்று செய்ய வேண்டுவது

இன்று நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களிற் பல செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயங்களில் பிறந்தவரின் மக்களும் பேரரும் சிரம்பானிலும் செனவாங்கிலும் நீலாயிலும் வாழ்கின்றனர். அவர்களில் தாதியரானோர் பலர். ஏடும் மாறிவிட்டது. 1999-இல் சிலாங்கூரின் செலாயாங் மருத்துவமனை காகிதமின்றிக் கணினியாலேயே நோயாளியின் குறிப்பைக் காக்கும் முறையோடு தொடங்கிற்று. கருவி மாறினும் கடமை மாறவில்லை. பார்க்காத காய்ச்சலைப் பார்த்ததாகக் கணினியில் எழுதினாலும் பொய் பொய்யே. அன்று ஓர் ஏட்டோடு நின்ற பொய், இன்று நொடியில் பத்து இடம் பரவும். ஒருவருடைய அந்தரங்கமும் அவ்வாறே.

இன்னும் ஒன்று. இன்று செம்பனைத் தோட்டங்களில் உழைப்போர் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஊரை விட்டு, மொழி தெரியாத மருத்துவமனையில், கடனையும் ஒப்பந்தத்தையும் நினைத்து அஞ்சிக் கிடக்கும் அந்த நோயாளியின் கட்டிலருகே இன்று நிற்பவர் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். நூறாண்டுக்கு முன் அக்கட்டிலில் கிடந்தவர் நம் பாட்டனார். அவர் சொன்னது யாருக்கும் விளங்காமற் போயிருக்கலாம். அவர் சம்மதம் கேட்கப்படாமலே இருந்திருக்கலாம். அவருக்குக் கிடைக்காத செவியையும், நேர்மையான ஏட்டையும், அஞ்சாத மனச்சான்றையும் இந்தப் புதியவருக்கு நாம் கொடுப்போமா?

பெற்றோரே! உங்கள் மகளோ மகனோ இத்தொழிலை விரும்பினால் தடுக்காதீர்கள். இரக்கத்தை அவர்கள் உங்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள். மற்றவற்றைக் கற்க அவர்களைப் பள்ளிக்கு அனுப்புங்கள். நெல்லை அவித்து ஓர் இனத்தையே காத்த பாட்டியின் பேத்தி, தான் செய்வது இன்னது என்று அறிந்தே பிறர் உயிரைக் காக்கட்டும்.